முப்பத்தொன்றாம் மனையின் மூலை

கோத்ரா மேடு, திரானாவுக்கு வெளியே
(தாஷியின் பேருந்து வழியாக)
9 மார்ச் 2003

அன்புத் தங்கை லிரியேவுக்கு,

நேற்று நம் மேட்டை ஆறு மாணவர்கள் வந்து அளந்தார்கள். மலையிலிருந்து இறங்கி ஒன்பது வருஷமாக இங்கே குடியிருக்கிறோம். இதுவரை எந்த வரைபடத்திலும் நாம் இல்லை. இனி இருப்போம். தாஷி இன்னும் ஒரு மணி நேரத்தில் கிரேக்க எல்லையைத் தாண்டி யானினாவுக்குப் பேருந்தை எடுத்துவிடுவான், அதனால்தான் கையெழுத்து ஓடுகிறது.

நாங்கள் சுகம். உன் அண்ணி சோஸேவின் முட்டிவலி பனியோடு குறைந்துவிட்டது. அடுமனையில் உனக்குக் கை வெந்ததே, ஆறியதா? உன் மகன் கெந்தி என் தோளைத் தாண்டியிருப்பானா?

விஷயம் இதுதான். குடிதண்ணீர்க் குழாய் போட நகராட்சிக்கு வெளியிலிருந்து உதவி வந்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு மேட்டுக்குத்தான் காணும். எந்த மேட்டில் எத்தனை வீடு, எத்தனை தலை, சந்து எவ்வளவு அகலம் என்று ஒழுங்கான வரைபடம் இருக்கிறதோ அந்த மேட்டுக்குக் குழாய். பக்கத்து மேட்டுக்காரர்களிடம் ஒன்றுமில்லை. நமக்கோ பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தாமே வந்து கதவைத் தட்டுகிறார்கள்!

அவர்களுக்குத் தலைவி மாதிரி ஒரு பெண், எர்மீரா. சோப்புக்கட்டி அளவில் ஒரு மஞ்சள் கருவியை வைத்திருக்கிறாள். அது வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டு, தான் நிற்கிற இடத்தை எண்களில் சொல்லிவிடுகிறது. நேராக என் கட்டடச் சாமான் கடைக்கு வந்தாள்.

"மாமா, இந்தத் தெருவுக்கு என்ன பேரு?"

"தெரு."

"அதான், பேரு?"

"தெருன்னுதாம்மா பேரு. ஒண்ணே ஒண்ணு இருக்கறதுக்குப் பேரு எதுக்கு?"

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். அவள் கருவியை மேலே தூக்கிப் பிடித்ததும் பெச்சிர் பெரியவர் பயந்துபோனார். அவருடைய கட்டி முடிக்காத மேல்மாடிக் கம்பியில் ஏற்கெனவே ஒரு திருஷ்டி பொம்மை தொங்குகிறது. வானத்துக் கண்ணுக்கு அது போதாதென்று இன்னொன்றையும் கட்டிவிட்டார். இப்போது அவர் வீட்டு மாடியில் இரண்டு பேர் தூக்கில் தொங்குவது போலிருக்கிறது.

குழாய் வந்தால் சோஸே தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடம் தூக்கி ஓட வேண்டாம். எனக்கும் குழாய்ச் சாமான் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

உன் அண்ணன்
ஹய்தார்


யானினா
30 மார்ச் 2003

அன்பு அண்ணாவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன். என் கை ஆறிவிட்டது. கெந்தி உன் தோளை எப்போதோ தாண்டிவிட்டான். அடுமனைக் கதவில் குனிந்துதான் நுழைகிறான்.

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை மனையில் என் பாதியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடினேன்.

என் வீட்டுக்காரர் அஸெம் இறந்தபோது, "பொண்ணுக்கு ஏது மண்ணு?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். "பாதி அவளுதுதான், நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்று நீதான் எழுந்து நின்றாய். என்னிடம் பத்திரம் இல்லை, உன் வாக்குதான் இருக்கிறது. கெந்தி ஜூனில் தொழிற்பள்ளியை முடிக்கிறான், கொத்துவேலை கற்றிருக்கிறான். வருகிற வசந்தத்தில் அங்கே வந்து இரண்டு அறை எழுப்ப நினைக்கிறோம். அஸெம் நட்ட அத்திமரம் முற்றத்தில் வரும்படி அவன் ஒரு படம்கூடப் போட்டுவிட்டான்.

அந்தப் பெண் என் பாதியைத் தனியாக அளந்தாளா? மரத்தையும் குறித்தாளா? எழுது. சோஸே அண்ணிக்கு என் முத்தம்.

லிரியே


கோத்ரா மேடு
27 ஏப்ரல் 2003

அன்பு லிரியேவுக்கு,

கெந்தி கொத்துவேலை கற்றது பெரிய சந்தோஷம். நாங்கள் சுகம், சளி இருமல் எதுவும் இல்லை. இங்கே நடந்ததைக் கேட்டால் நீ மாவில் கைவைத்தபடியே சிரிப்பாய்.

வெள்ளிக்கிழமை வேலியைக் குறிக்க வருவதாக எர்மீரா சொல்லியிருந்தாள். வேலி எங்கே இருக்கிறதோ அங்கே புள்ளி, புள்ளியைச் சேர்த்தால் கோடு, கோடுதான் வரைபடம். வியாழக்கிழமை மதியத்துக்குள் என் கடையில் பதினோரு சுருள் கம்பிவலை விற்றுப்போனது. பதினோரு பேரிடமும் எதற்கென்று கேட்டேன். "கோழிக்கு" என்றான் ஒருவன். அடுத்தவனும் கோழிக்கு என்றான். பதினோராவது ஆள் சாலி, எதிரே காப்பிக்கடை வைத்திருக்கிறானே அவன். "உனக்குக் கோழியே இல்லையேடா" என்றேன். "வாங்கப்போறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டிவண்டி சந்துக்குள் வந்து மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒவ்வொருவனும் தன் வேலியைச் சந்துக்குள் முன்னே நகர்த்தியிருக்கிறான்! தனக்கு மட்டும்தான் மூளை இருக்கிறது என்று நாற்பத்தேழு வீட்டுக்காரனும் நினைத்திருக்கிறான்.

மலையில் இப்படி நடக்குமா? அங்கே எல்லைக் கல்லை ஒரு விரல் நகர்த்தினவன் வீட்டில் எவனும் பெண்ணெடுக்க மாட்டான். இங்கே கல் ஏது? பழைய கட்டில் சட்டம், வண்டிக் கதவு, கம்பிவலை. கட்டில் சட்டத்தை நகர்த்தினால் பாவமென்று எவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, தொண்ணூறு சென்டிமீட்டர் நானும் முன்னே வந்தேன். கம்பிவலை விற்கிறவன் சும்மா இருப்பானா?

எர்மீரா பக்கவாட்டில் நடந்து, வயிற்றை எக்கிக்கொண்டு, ஒவ்வொரு வேலியையும் குறித்துக்கொண்டாள். "நான் இருக்கறததான் குறிப்பேன் மாமா" என்றாள்.

நீ கேட்ட மற்றவற்றுக்கு அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன். தாஷி ஹாரன் அடிக்கிறான்.

ஹய்தார்


யானினா
11 மே 2003

அன்பு அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே. கோழிக் கதையைக் கேட்டு அடுமனை முதலாளியம்மாவே சிரித்தாள்.

"நீ கேட்ட மற்றவற்றுக்கு" என்கிறாய். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

தொலைபேசியில் கூப்பிடலாம் என்று கெந்தி சொல்கிறான். வேண்டாம் என்றேன். தொலைபேசியில் நீ பேச்சை மாற்றிவிடுவாய். எழுத்தில் நீ மாற்றினாலும் நான் தாளை வைத்திருப்பேன்.

லிரியே


கோத்ரா மேடு
1 ஜூன் 2003

அன்பு லிரியேவுக்கு,

வரைபடம் வந்துவிட்டது! சாலியின் காப்பிக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மேசைவிரிப்பு அளவு. வீட்டுக்கொரு சின்ன நகலும் கொடுத்தார்கள். நேற்று முழுக்க எவனும் வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொருவனும் தன் வீட்டை விரலால் தொட்டுப் பார்த்துப் பார்த்து, ஒரே நாளில் பாதி மேடு அழுக்காகிவிட்டது. "இது நான், இது நான்" என்று பெச்சிர் கத்துகிறார். அவருடைய திருஷ்டி பொம்மைகளைக்கூட ஒரு பையன் விளையாட்டுக்கு வரைந்திருக்கிறான், இரண்டு சின்னக் குச்சி மனிதர்கள். நம் மனைக்கு எண் முப்பத்தொன்று. வயது நாற்பத்தெட்டு ஆகிறது எனக்கு. எண்ணுள்ள வீட்டில் நான் குடியிருப்பது இதுதான் முதல் முறை.

அதற்குப் பிறகுதான் எர்மீரா குண்டைப் போட்டாள்.

"எல்லாரும் கேளுங்க. குழாய் பதிக்கப் பொக்லைன் வரணும். அதுக்குச் சந்து நாலு மீட்டர் வேணும். இந்தப் படத்துல இருக்கற சந்து ஒண்ணு நாப்பது."

"முன்னாடி மூணு மீட்டர் இருந்துச்சே!" என்றான் சாலி.

"கோழி தின்னுடுச்சு மாமா" என்றாள் அவள்.

கடை முழுக்கச் சிரிப்பு. ஆனால் அவள் சிரிக்கவில்லை. செப்டம்பர் முப்பதுக்குள் சந்து நாலு மீட்டர் ஆகாவிட்டால் பணம் பக்கத்து மேட்டுக்குப் போய்விடும். இன்னொன்றும் சொன்னாள். மேட்டுக்குள் பொக்லைன் திரும்ப ஒரே இடம்தான் உண்டு, அது முப்பத்தொன்றாம் மனையின் மூலை. அங்கே கூடுதலாக மூன்று மீட்டர் வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்தேன்.

நாங்கள் சுகம். உன் அண்ணி உனக்கு உலர்ந்த யூஃப்கா இழைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். பாலில் வேகவைத்துச் சாப்பிடு, நம் ஊர் ருசி.

ஹய்தார்


யானினா
15 ஜூன் 2003

அன்பு அண்ணாவுக்கு,

நீ சுகம்தானே. அண்ணி சுகம்தானே. நாங்கள் சுகம்.

யூஃப்கா உடையாமல் வந்து சேர்ந்தது. அதைச் சுற்றியிருந்த தாளை நான் இஸ்திரி போட்டு நிமிர்த்தினேன். உங்கள் மேட்டின் வரைபடம்.

எண் முப்பத்தொன்று ஒரே மனையாக இருக்கிறது. அதன்மேல் ஒரே பெயர், உன் பெயர். மூலைப் பக்கம் நீலமாக ஒரு கட்டம். ஓரத்துக் குறிப்பில் நீலம் என்றால் கிடங்கு என்று போட்டிருக்கிறது. கெந்தி தன் பள்ளி அளவுகோலை வைத்துக் கணக்கிட்டான். இருபது மீட்டருக்குப் பன்னிரண்டு.

மரத்துக்குப் பச்சைப் புள்ளி. பெச்சிர் வீட்டில் மூன்று, சாலி வீட்டில் ஒன்று. முப்பத்தொன்றில் தேடினேன். இல்லை.

அண்ணிக்கு என் நன்றியைச் சொல். யூஃப்காவுக்கு மட்டுமல்ல.

லிரியே


கோத்ரா மேடு
29 ஜூன் 2003

அன்பு லிரியேவுக்கு,

சுகம், சுகமே வேண்டுகிறேன்.

கிடங்கைப் பற்றி. அது சும்மா நிற்கிற தகரக் கூரை. சிமெண்ட் மூட்டை மழையில் நனையக்கூடாதே என்று போட்டது. நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம், இதெல்லாம் தாளில் எழுதுகிற விஷயமில்லை. சோஸேயிடம் ஏன் அந்தத் தாளில் கட்டினாய் என்று கேட்டேன். "கையில அதுதான் கெடச்சுது" என்கிறாள். கடையில் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு இருக்கிறது.

இங்கே ஒரு பெரிய செய்தி. வேலியை முதலில் எவன் பின்னே எடுப்பது என்று மூன்று வாரமாகச் சண்டை. சாலி எடுத்தால் நான் எடுப்பேன், நான் எடுத்தால் பெச்சிர் எடுப்பார். எர்மீராவுக்கு அலுத்துப்போய், "மலையில எல்லைச் சண்டை வந்தா எப்படித் தீர்ப்பீங்க?" என்று கேட்டாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமையாகச் சொன்னேன்: வீட்டுத்தலைவன் வலது தோளில் ஒரு கல்லையும் ஒரு கட்டி மண்ணையும் சுமந்துகொண்டு தன் எல்லை வழியே நடப்பான், பொய்யாக நடந்தால் அந்தப் பாரம் மறுமையிலும் அவன் தோளை விட்டு இறங்காது, எவனும் பொய்யாக நடந்ததில்லை.

அவள் கண் மின்னியதைப் பார்க்க வேண்டுமே! "அப்ப நடங்க மாமா. நான் பின்னாலயே கருவியோட வர்றேன். நீங்க கால் வெச்ச இடம்தான் கோடு."

காப்பிக்கடையே எழுந்து நின்றுவிட்டது. ஆகஸ்ட் பத்து, ஞாயிற்றுக்கிழமை, நாள் குறித்தாயிற்று. சின்னப் பிள்ளைகள் இப்போதே தோளில் செங்கல்லை வைத்துச் சந்தில் அணிவகுக்கிறார்கள்.

பதில் எழுது.

ஹய்தார்


கோத்ரா மேடு
27 ஜூலை 2003

லிரியேவுக்கு,

உன் சுகம் தெரியவில்லை. தாஷி இரண்டு முறை வந்துபோய்விட்டான், இரண்டு முறையும் வெறுங்கை. நீ அடுமனைக்கு ஒழுங்காக வேலைக்குப் போவதாக அவன் சொன்னான்; அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் நலம். வெயில் கொளுத்துகிறது. தண்ணீர் லாரி இந்த வாரம் ஒரே முறைதான் வந்தது.

என் கணக்கு எளிது: முன்பக்கம் தொண்ணூறு சென்டிமீட்டர் பின்னே போகிறேன், அதோடு என் நடை முடிந்தது. சோஸே என்னோடு அதிகம் பேசுவதில்லை.

ஹய்தார்


கோத்ரா மேடு
11 ஆகஸ்ட் 2003

தங்கை லிரியேவுக்கு,

நேற்று நடந்தோம். இதை நீ உட்கார்ந்து படி.

காலை எட்டு மணிக்கே எல்லா மாடியிலும் பெண்கள். மேல்மாடிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, பொம்மைகளுக்குப் பக்கத்தில், கல்யாணம் பார்ப்பதுபோல் நின்றார்கள். எர்மீராவும் அவளுடைய ஐந்து பேரும் மஞ்சள் கருவியோடு தயார். முதலில் பெச்சிர். வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கல்லைத் தூக்கினார், ஆணையைச் சொன்னார்: "இந்தக் கல்லு மேலயும் மண்ணு மேலயும் ஆணை, நான் நடக்கறது என் எல்லை. பொய்யானா இந்தப் பாரம் என்னை விடாது." வேலிவரை போவார் என்று பார்த்தால், வேலிக்கு ஒன்றரை மீட்டர் உள்ளேயே திரும்பிவிட்டார். மாடியிலிருந்து அவர் மனைவி கத்தினாள்: "அட மனுஷா! கோழிக்குன்னுதானே எங்கிட்டயும் சொன்ன!"

சிரிப்பில் சந்தே அதிர்ந்தது. அதன்பின் அணை உடைந்தமாதிரி. சாலி நடந்தான், ஒரு மீட்டர் உள்ளே. ஒவ்வொருவனும் நடக்க நடக்க, பின்னால் அவனவன் மகன்களே வேலியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பிடுங்கினதோடு நிற்கவில்லை, சத்தியம் செய்த சூட்டில் "இன்னொரு அரை மீட்டர் எடுத்துக்கோ" என்று தாங்களாகவே கொடுத்தார்கள். எர்மீரா எண்களைக் கத்திச் சொல்கிறாள், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். மூன்று மீட்டர், மூன்று எண்பது, நாலு! நான் இத்தனை வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு காலையைப் பார்த்ததில்லை.

பிறகு என் முறை.

கல்லை நானேதான் பொறுக்கி வைத்திருந்தேன், சின்னதாக. முன்பக்கம் நடந்தேன், தொண்ணூறு சென்டிமீட்டர் உள்ளே வந்தேன், கைதட்டல். கிடங்குச் சுவர் தொடங்குகிற இடம் வந்தது. மனையின் நடு. அங்கே கால் நின்றுவிட்டது.

"இன்னும் முடியலையே மாமா. மூலை அங்க இருக்கு" என்றாள் எர்மீரா.

"முடிஞ்சுடுச்சும்மா."

"படத்துல ஒரே மனைன்னு போட்டிருக்கே? நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன். அந்தப் பக்கம் என்னுதில்ல."

"அப்ப கிடங்கு?"

"கிடங்கு என்னுது. மண்ணு என் தங்கச்சியுது."

பெச்சிர்தான் எனக்குத் தப்பிக்க ஒரு வழி காட்டினார். "ஹய்தார், பொண்ணுக்கு மண்ணு கிடையாதுன்னு நம்ம வழக்கம் இருக்கு. நீ நடந்து போ. இங்க எவனும் தப்புன்னு சொல்ல மாட்டான்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் ஆசை வந்தது. இன்னும் இருபது எட்டுத்தான். குழாய் வந்துவிடும், மேடு என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடும்.

"வழக்கம் இருக்கு, பெரியவரே. வாக்குக் குடுத்தவன் நான். கல்லும் என் தோள்லதான் இருக்கு, உங்க தோள்ல இல்ல" என்றேன்.

கல்லை அங்கேயே இறக்கி வைத்தேன். இப்போது அதுதான் நடு எல்லை. மேலே பார்த்தேன். சோஸே முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் எனக்குக் காப்பி வந்தது, இரண்டு மாதத்துக்குப் பிறகு சர்க்கரையோடு.

"அப்ப மூலையக் குடுக்கறது யாரு?" என்று சாலி கேட்டான். "யானினால இருக்கா" என்றேன். இந்த மேடு முழுக்க இப்போது உன் பதிலுக்குக் காத்திருக்கிறது, லிரியே. தாஷி வந்து நின்றால் நாற்பத்தேழு வீட்டுக்காரர்களும் அவன் கையைப் பார்க்கிறார்கள்.

இன்னும் ஒன்று எழுதாமல் இருக்கிறேன், அதையும் எழுதிவிடுகிறேன். அத்தியை வெட்டியது நான். இரண்டு வருஷத்துக்கு முன், மார்ச்சில். தகரம் இறக்க லாரி வர இடம் போதவில்லை. தளிர் விட்டிருந்தது. நீ வரமாட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். யானினாவுக்குப் போனவர்கள் யார்தான் திரும்பினார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கடிதம் வந்தபோதெல்லாம் அடுத்த கடிதம் என்று தள்ளினேன்.

மூலையைக் கொடு என்று கேட்க எனக்கு முகமில்லை. மேட்டுக்காகக் கேட்கிறேன். உன் நிபந்தனையை நீ எழுது. நீயும் கெந்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

ஹய்தார்


யானினா
24 ஆகஸ்ட் 2003

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீ எழுதியதை உட்கார்ந்துதான் படித்தேன். பிறகு எழுந்து இரண்டு தட்டு ரொட்டியைக் கருகவிட்டேன்.

இரண்டு மாதம் நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். கோபத்தில் எழுதினால் உன்னை அண்ணா என்று தொடங்கியிருக்க மாட்டேன்.

நான் உன் தங்கை, எனக்கும் பேரம் பேசத் தெரியும். மூலையில் மூன்று மீட்டர் மேட்டுக்குத் தருகிறேன். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியவள்தான் நானும். ஆனால் அதைத் தருவது நான் என்று வரைபடத்தில் இருக்க வேண்டும். மீதி மனை என் பெயரில் வர வேண்டும். அஸெமின் மனைவி என்றோ ஹய்தாரின் தங்கை என்றோ போடக்கூடாது, லிரியே என்று. அந்தப் பெண்ணிடம் சொல், எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்.

கிடங்கின் முன்பக்கத்தை நீ உன் கையால் இடிக்க வேண்டும். இரண்டு வருஷம் என் மண்ணில் சிமெண்ட் அடுக்கினாய்; அதற்கு ஈடாக என் இரண்டு அறைக்கு வேண்டிய சிமெண்டும் இரும்புக் கம்பியும் கூரையும் நீ தர வேண்டும். கொத்து வேலை கெந்தியுடையது.

அத்திமரத்துக்கு விலை போட எனக்குத் தெரியவில்லை. அதை நீயே போடு.

அண்ணியின் முட்டிக்கு இந்த எண்ணெயைத் தேய்க்கச் சொல்.

லிரியே


எண் 31, கல் தெரு, கோத்ரா மேடு
21 செப்டம்பர் 2003

அன்பு லிரியேவுக்கு,

மேலே முகவரியைப் பார்த்தாயா? தெருவுக்குப் பெயர் வந்துவிட்டது! இனி நீ தபாலில் எழுதலாம். தாஷிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

உன் கடிதத்தைச் சாலியின் கடையில் உரக்கப் படித்தேன், கருகின ரொட்டி உட்பட. "மூணு மீட்டர் தர்றா!" என்று யாரோ கத்த, மீதியைப் படிக்கவிடாமல் என்னைத் தள்ளிக்கொண்டே கிடங்குக்குப் போய்விட்டார்கள். முதல் அடி என் சுத்தியல், நீ சொன்னபடி. இரண்டாவது அடி யாருடையது என்று தெரியவில்லை, அவ்வளவு கூட்டம். பெச்சிர்கூட ஒரு தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். "பொண்ணுக்கு மண்ணு இல்லேன்னீங்களே" என்று சோஸே கேட்டதற்கு, "மண்ணு இல்லாதவ எப்படித் தந்தா? அப்ப இருக்குன்னுதானே அர்த்தம்" என்கிறார். கிழவர் பேச்சில் நழுவிவிடுவதில் என்னையே மிஞ்சுகிறார்.

எர்மீரா மறுபடி அளந்தாள். சந்து முழுக்க நாலு மீட்டர் இருபது. புதுப் படத்தில் உன் பெயரைப் பெரிதாகப் போட்டு, நடு எல்லையில் ஒரு சின்னக் கல் வரைந்திருக்கிறாள், என் கல். வியாழக்கிழமை பொக்லைன் வந்து, உன் மூலையில் ஒரே வளைப்பில் திரும்பியது. பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடினார்கள். நான் அழுகையை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

உன் அண்ணியின் முட்டிக்கு அந்த எண்ணெய் நன்றாகக் கேட்கிறது. எல்லோரும் நலம், கெந்தியின் தோளை எனக்காகத் தட்டிக்கொடு.

இனி பேரம். சிமெண்ட் முழுக்கத் தருகிறேன். கூரையும் தருகிறேன். இரும்பில் மட்டும் பாதி என்று கேட்கலாம் என்றிருந்தேன். சோஸே தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருக்கிறாள், ஆகவே இரும்பும் முழுக்க. பெச்சிரும் சாலியும் சாட்சியாகக் கையெழுத்திட்டார்கள், எர்மீரா ஒரு நகலை எடுத்துக்கொண்டாள். முடிவானது இது:

மூலையில் முப்பத்தாறு சதுர மீட்டர், லிரியே கொடுத்தது, தெருவுக்கு. மீதி நானூற்று அறுபத்து நாலு சதுர மீட்டர், எண் 31 ஏ, லிரியேவின் பெயரில். இரண்டு அறைக்குச் சிமெண்ட், இரும்பு, கூரை என் பொறுப்பு, கொத்து கெந்தி. கிடங்கின் மிச்சம் வசந்தத்துக்குள் காலி. அத்திக்கு, பழைய அடிமரம் இருந்த அதே இடத்தில் ஒரு கன்று, நட்டாயிற்று. அது காய்க்கிறவரை தினமும் ஒரு குடம் தண்ணீர், புதுக் குழாயிலிருந்து, என் கையால்.

ஹய்தார்